எழுதாமல் விட்ட இரண்டு கிலோ

1998 ஜூன் மாதம் 15ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை என்று சொல்ல முடியாத, தூறல் என்றும் தள்ளிவிட முடியாத ஒன்று விடியற்காலையிலிருந்து பெய்துகொண்டிருந்தது. தோட்டத்து ஆபீஸுக்கு எதிரே இருந்த மலை பனியில் மறைந்திருந்தது. அந்த நேரத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்தால் பத்து பதினெட்டு.

ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம், மூன்று பிரதிகள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை வாசித்தேன். வரிகளைக்கூட எண்ணினேன், நாற்பத்தொன்று. இருக்கிற வரிகளை எண்ணியவனுக்கு இல்லாத வரி கண்ணில் படவில்லை.

ஹட்டனுக்கும் றொசல்லைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே தொழிற்சங்கத் தலைவராக இருந்தேன். சாதாரண தரம் வரை படித்தவன், கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் என்னைத் தலைவராக்கினார்கள். வேலை தொழிற்சாலையில். மலையிலிருந்து லொறியில் வரும் கொழுந்துச் சாக்குகளை நிறுத்து எழுதுவது. அப்போதே பதினேழு வருடங்கள் அந்தத் தராசின் முன்னால் நின்றிருந்தேன்.

அந்த வருடம் சித்திரை கழிந்ததும் ஒரு செய்தி வந்தது. எங்கள் தோட்டத்தையும் ஆற்றுக்கு அப்பால் கீழே இருந்த தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்கள். இரண்டும் ஒரே கம்பனியின் கையில்தான் இருந்தன. ஒரே துரை, ஒரே ஆபீஸ், ஒரே தொழிற்சாலை என்று பேச்சு. கீழ்த்தோட்டத்தின் இயந்திரங்கள் புதியவை. ஆகவே மூடப்போவது எங்கள் தொழிற்சாலைதான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அதில் அறுபத்துநான்கு பேர் வேலை செய்தோம். அறுபத்துநான்கில் ஒருவன் நான்.

மேலே எங்கள் சங்கம், கீழே வேறொரு சங்கம். அந்தச் சங்கத்தின் தலைவர் என் மனைவியின் அண்ணன். தோட்டங்கள் சேர்ந்தால், எந்தச் சங்கத்துக்கு அங்கத்தவர் அதிகமோ அந்தச் சங்கத்தின் பேச்சுத்தான் துரையிடம் எடுபடும். அங்கத்தவர் என்றால் சந்தாப் பாரத்தில், அதாவது சந்தாப் படிவத்தில், கையெழுத்து வைத்தவர். மாதாமாதம் அவர் சம்பளத்தில் ஆபீஸே சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும். இரண்டு தோட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு ஐந்நூற்று எண்பத்து மூன்று, அவர்களுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. பன்னிரண்டு பேர் வித்தியாசம். அந்தப் பன்னிரண்டைக் காப்பாற்ற நான் லயம் லயமாக, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம், ஏறி இறங்கினேன். கடைசி லயத்தில் ஓய்வுக்கு ஐந்து மாதமே இருந்த ஒருவர் மே மாதத்தில் மட்டும் நான்கு தடவை சங்கம் மாறினார். ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு அரைப்போத்தல் சாராயம் அவர் கணக்கு. ஐந்தாவது தடவை நான் கொடுக்கவில்லை.

மே 31, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மச்சான் ஆற்றுப்பாலம் வழியாக ஏறி வீட்டுக்கு வந்தார். ஐந்து மாதமாக வராதவர்.

"என்னா மச்சான், பாரமும் கையுமா வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி கையால ஒரு டீ குடிக்க வந்தேன். அதுக்கும் ஒங்க சங்கத்துல அனுமதி வாங்கணும்னா சொல்லுங்க, எழுதிக் குடுக்கிறேன்."

உட்கார்ந்ததும் விடயத்துக்கு வந்தார்.

"தொரை எங்கள தனியா கூப்புடுறாரு, ஒங்கள தனியா கூப்புடுறாரு. ஒரே நாளு. ஒங்களுக்கு காலையில, எங்களுக்கு ரெண்டு மணிக்கு. ஏன்னு யோசிச்சீங்களா?"

"நம்ம ரெண்டு பேரும் ஒரே ரூம்புக்குள்ள இருந்தா அவருக்கு மேசையில எடம் பத்தாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒங்க தோட்டத்துல முழுப்பேருக்கு பதினாலு கிலோ. எங்க தோட்டத்துல பதினாறு. தொரை நடுவுல பதினஞ்சுன்னு வந்து நிப்பாரு, பாத்துக்கங்க. ஆனா ஒங்க மடுவத்துல ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. எங்க மடுவத்துல கழிக்கிறது இல்ல. அப்ப ஒங்க பதினாலும் எங்க பதினாறும் ஒண்ணுதான?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு நாளில் குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் பெண்களுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். கொழுந்தை நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். எங்கள் மடுவத்தில் சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் உள்ள ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். வெயில் கொளுத்தும் மாசி மாதத்திலும் அந்த ஈரக் கிலோ கழியும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத வழக்கம் அது. அதனால் எங்கள் பெண்கள் பதினான்கு என்று பேர் வாங்கக் கூடையில் பதினாறு கொண்டுவர வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. மலையில் எழுதிய நிறையும் தொழிற்சாலைத் தராசு காட்டும் நிறையும் பதினேழு வருடமாக ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. வித்தியாசத்தை எழுதியவனே நான்தான்.

"அதனால என்னா செய்யணும்ங்கிறீங்க?" என்றேன்.

"ரெண்டு சங்கமும் ஒரே கடுதாசி குடுப்போம். கிலோ எத்தனையா வேணா இருக்கட்டும், ரெண்டு தோட்டத்துலயும் கழிவு கெடையாதுன்னு அதுல ஒரு வரி. அவ்வளவுதான்."

"கடுதாசியில யாரு சங்கத்துப் பேரு மொதல்ல வரும்?"

"ஒங்க பேரையே போடுங்க."

அவர் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்ததுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. கீழ்த்தோட்டத்தில் இல்லாத ஒரு கழிவுக்காக அந்தச் சங்கம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? மேலே எங்கள் பெண்களிடம் போய், 'கழிவை எடுத்துத் தந்தது நாங்கள்தான்' என்று சொல்லத்தானே? சொன்னால் பன்னிரண்டு பேர் என்ன, நூற்றிருபது பேர் போவார்கள். மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். கமிட்டியில் பேசவில்லை.

டீ கோப்பையை எடுக்க வந்த மனைவி, "அண்ணன் சொல்றது சரியாத்தான இருக்கு" என்றாள்.

"ஒனக்கு சங்கத்து விசயம் தெரியாது."

"சங்கம் தெரியாதுங்க. தராசு தெரியும்."

மச்சான் அதற்கு மட்டும் சிரித்தார்.

என் மனைவிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மழைநீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு வீங்கி, வீக்கம் வற்றிய பிறகும் வலி வற்றவில்லை. அதோடும் நாலு மணிக்குள் பதினாறு கிலோ சேர்த்துவிடுவாள். பதினாறுக்கு மேல் முடியாது. பதினாறரைகூட அவளுக்கு நல்ல மலையில், நல்ல நாளில் கிடைத்தால்தான். அதனால் அந்தப் பேச்சுவார்த்தையில் எது எப்படிப் போனாலும், முழுப்பேருக்குக் கூடையில் பதினாறுக்கு மேல் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு முக்கியம். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 15 காலை ஆபீஸுக்கு மூன்று பேர் போனோம். நான் தொழிற்சாலை. செயலாளர் பங்களாவில் பூந்தோட்ட வேலை. பொருளாளர் லொறியில் கிளீனர். தோட்டத்தில் பத்துப் பேரில் ஆறு பேர் கொழுந்து பறிக்கும் பெண்கள். எங்கள் சங்கத்தில் மாதர் தலைவி என்று ஒருவரும் இருந்தார். ஆனால் துரையிடம் பேசப் போகும்போது பெண்களைக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை. கூடையைச் சுமந்தவர் எங்கள் மூவரில் ஒருவருமில்லை.

துரை சிங்களவர். தோட்டத்திலேயே பழகிய தமிழ் பேசுவார். எங்களை உட்காரச் சொன்னதே புதுமையாக இருந்தது.

"தலைவர், கொழும்புல பெக்டரிய மூடத்தான் சொல்றாங்க. மூடாம இருக்கணும்னா நான் அவங்களுக்கு ஏதாச்சும் காட்டணும். வெறுங்கையோட போக ஏலாதுதானே?"

"என்னா காட்டணும்ங்க?"

"ஒரு கிலோ. கீழ பதினாறு, இங்க பதினாலு. ரெண்டு தோட்டமும் ஒண்ணா வந்தா ரெண்டு கணக்கு வைக்க முடியாது. அவங்களுக்கு ஒண்ணு கொறைக்கிறேன், ஒங்களுக்கு ஒண்ணு கூட்டுறேன். பதினஞ்சு. சமம்தானே?"

மச்சான் சொன்ன அதே பதினைந்து. அது துரையின் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அதிர்ச்சியைவிட எரிச்சல்தான் வந்தது. அந்த மனுசன் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற எரிச்சல்.

"பெக்டரி?" என்று கேட்டேன்.

"எழுதித் தாரேன். தோட்டம் சேர்ந்தாலும் மூணு வருசத்துக்கு மூட மாட்டோம்."

"ஆளு கொறைக்கக் கூடாதுங்க."

"அதையும் எழுதலாம்."

செயலாளர் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினார், போதும், ஒத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. அறுபத்துநான்கு குடும்பம், மூன்று வருடம், எழுத்தில். எந்தத் தலைவருக்கும் அது பெரிய வெற்றிதான். அப்போது அந்தக் கழிவு எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று நெடுநாள் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வந்தது. ஆனால் மச்சானின் குரலில் வந்தது. அதை நான் வாயைத் திறந்து கேட்டால் அவர் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அதோடு, கீழ்த்தோட்டத்துக்கும் எங்களுக்கும் ஒரே கிலோ என்றால் ஒரே விதமாகத்தானே நிறுப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தட்டச்சாகி வந்த ஒப்பந்தத்தின் கடைசி வரி, நாற்பத்தொன்றாவது, 'ஏனைய விடயங்களில் அந்தந்தத் தோட்டத்தின் தற்போதைய நடைமுறை தொடரும்' என்றிருந்தது. அது எங்களுக்குப் பாதுகாப்பான வரி என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மச்சான் போனார். அவரும் பதினைந்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஆட்களுக்கு ஒரு கிலோ குறைந்தது. கழிவு ஏற்கனவே இல்லை. அவர் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை முதலாம் திகதி, புதன்கிழமை, புதுக் கணக்கு தொடங்கியது. நான் நாலு மணிக்கு வேலை முடித்து நேரே மடுவத்துக்குப் போனேன். யாராவது நன்றி சொல்வார்கள் என்ற எண்ணமும் எனக்கு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆண்களின் மனைவிமார் பலர் அந்த வரிசையில் நின்றார்கள்.

என் மனைவி ஏழாவது ஆள். சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள்.

"பதினாறு" என்றார் கணக்கப்பிள்ளை. "ரெண்டு போக பதினாலு. அரைப்பேரு."

அவளுக்குப் பின்னால் நின்றவள் கத்தினாள். "என்னாங்க ஐயா அநியாயம்? கீழ தோட்டத்துல பதினஞ்சு நிறுத்தா பதினஞ்சுன்னே எழுதுறாங்களாம்ல!"

"கீழ தோட்டத்துக் கத எனக்குத் தெரியாது. இங்க கழிக்கிற வழக்கம் கழிக்கிறதுதான். தொரை அப்படித்தான் சொல்லியிருக்காரு. ஒங்க தலைவரு கையெழுத்துப் போட்டதுதான? அந்தா நிக்கிறாரு, அவரக் கேளுங்க."

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"தலைவரே," என்றாள் இன்னொருத்தி, "பெக்டரிக்குள்ள மழையா பேயுது? எங்க கூடையில இருக்கிற தண்ணிய நீங்களே குடிச்சிட்டு எங்களுக்கு அரைப்பேரா?"

"விடுங்கடி. அவரு படிச்ச ஆளு. பதினேழ பதினஞ்சுன்னு எழுதத் தெரிஞ்சவரு" என்றாள் வேறொருத்தி.

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன், எண்ணி முடிக்க வேண்டியிருந்தது. அன்று அந்த மலையில் பறித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அரைப்பேர் பத்தொன்பது. அதற்கு முந்தைய நாள் நான்கு.

மனைவி இடுப்பில் மழைத் தடுப்பாகக் கட்டியிருந்த ஈரப் படங்கை அவிழ்த்துச் சுருட்டிக் கூடைக்குள் போட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆற்றைக் கடந்து மச்சான் வீட்டுக்குப் போனேன். போகும்போதே ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போனேன். அவர் சங்கத்தின் பெயரை மேலே போட்டிருந்தேன்.

வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"நா அன்னைக்கே சொன்னேன் மச்சான்."

"தெரியும். இப்ப ரெண்டு பேரும் சேந்து கேட்டா தொரை எறங்குவாரு."

"எறங்க மாட்டாரு. 'சரி, எல்லாத்தையும் முதல்ல இருந்து பேசுவோம்'னுவாரு. எங்க பொம்பளைக இப்பத்தான் பதினஞ்சுல முழுப்பேரு வாங்குறாங்க. திரும்ப பதினாறுன்னு வந்தா நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மடுவத்துக்குப் போவேன்?"

"ஒங்க தங்கச்சி கை ஒங்களுக்குத் தெரியும்தான."

 "அதுதான் எனக்குத் தூக்கம் இல்ல" என்றார். "தங்கச்சின்னு நெனச்சா மனசு கேக்கல. சங்கம்னு நெனச்சா வழி இல்ல. ஒங்களுக்கு மட்டும் எப்படி மச்சான் ஒண்ணுமே நெனைக்காம கையெழுத்துப் போட முடிஞ்சிச்சு?"

நான் நினைத்துவிட்டுத்தான் போட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

துரைக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்குப் பதில் வந்தது. மூன்றிலும் நாற்பத்தொன்றாவது வரியைக் காட்டியிருந்தார்கள். கார்த்திகைக்குள் எங்கள் சங்கத்திலிருந்து நூற்று நாற்பத்தாறு பேர் பாரம் எழுதி மாறினார்கள், பெரும்பாலும் பெண்கள். மாறியதால் கழிவு போய்விடவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். அது நியாயம்தான், நானே எழுந்து வழிமொழிந்தேன்.

இரண்டு தோட்டங்களும் சேரவே இல்லை. 1999 ஆவணியில் ஆபீஸ் அறிவித்தல் பலகையில் நாலு வரித் தாள் ஒட்டியிருந்தார்கள், இணைக்கும் யோசனை கைவிடப்பட்டது என்று. காரணம் எழுதவில்லை. அப்படி ஒரு யோசனை உண்மையில் இருந்ததா, ஒரு கிலோவுக்காகக் கிளப்பிய கதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இணைப்புப் போனது, பதினைந்து கிலோ போகவில்லை. எங்கள் தொழிற்சாலை ஓடிக்கொண்டேயிருந்தது. 2004இல் ஓய்வு பெறும்வரை நான் அங்கேயே வேலை பார்த்தேன், ஒரு நாள் சம்பளம்கூடக் குறையவில்லை.

அவள் பெரும்பாலான நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பறித்துப் பதினேழு கொண்டுவந்தாள். அந்த நாட்களில் இரவுச் சோறு பிசைய முடியாமல் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவாள். மற்ற நாட்களில் அரைப்பேர். அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது ஒரே தடவை. 2001இல், ஒரு சாதாரண மாலை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அன்னைக்கு ஆபீசுக்கு எங்கள்ல ஒருத்தியவாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"அப்ப அந்த வழக்கம் இல்லையே" என்றேன்.

"ஆமா, வழக்கம் இல்லதான்" என்றாள். கல் பொறுக்குவதைத் தொடர்ந்தாள்.

அண்ணனோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. என்னோடும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தராசைப் பற்றி, கிலோவைப் பற்றி, அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசமாட்டாள். நானாகக் கேட்டால், "துண்டுல இருக்கும், பாத்துக்கங்க" என்பாள். சம்பளத் துண்டு வந்தால்தான் எனக்குத் தெரியும். மணிக்கட்டை ஒருமுறை ஹட்டனிலும் இருமுறை நுவரெலியாவிலும் காட்டினோம். வேலையை விடச் சொன்னார்கள். 2003 ஓகஸ்டில் விட்டாள், ஐம்பது வயதில். இன்னும் ஐந்து வருடம் பறித்திருப்பாள்.

அந்த ஐந்து வருடத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, நடக்காததை எண்ண முடியாது. நடந்ததை எண்ணினேன். 1998 ஜூலை முதல் 2003 ஓகஸ்ட் வரை அறுபத்திரண்டு மாதம். அரைப்பேர் இருநூற்று முப்பத்தேழு. பழைய கணக்காக இருந்தாலும் இருபத்தாறு நாள் அரைப்பேராகத்தான் போயிருக்கும். மழையும் காய்ச்சலும் எந்த ஒப்பந்தத்திலும் உண்டு. மீதி இருநூற்றுப் பதினொன்று. அதற்கிடையில் நாட்சம்பளம் மூன்று தடவை கூடியது, அந்தந்த வருடத்துப் பாதியைப் போட்டேன். அவள் கைக்கு வராத சம்பளம் பன்னிரண்டாயிரத்து இருபத்தேழு ரூபாய். அதற்குக் கம்பனி ஓய்வுகாலச் சேமலாப நிதியில் கட்டியிருக்க வேண்டிய நூற்றுக்குப் பன்னிரண்டு, ஆயிரத்து நானூற்று நாற்பத்து மூன்று ரூபாய் இருபத்துநான்கு சதம். ஒரே அடுப்பில் சமைத்த வீடு என்பதால் இதை என் நட்டம் என்றும் எழுதலாம். மொத்தம் பதின்மூன்றாயிரத்து நானூற்று எழுபது ரூபாய் இருபத்துநான்கு சதம்.